ஈராசிரியர் பள்ளியில் முதல் ஆண்டு: புது ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பணியிடக் கலந்தாய்வில் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு வெளியே வந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான். நான் 2012 டிசம்பரில் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டியோடு கிளம்பி, கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒரு சிற்றூரில் இருந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் போய்ச் சேர்ந்தேன். கல்வியாண்டு பாதி முடிந்திருந்தது. இரண்டு அறை, ஐந்து வகுப்பு, 41 பிள்ளைகள், தலைமை ஆசிரியரும் நானும்.

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். அதனால் சின்ன ஊர்களில் இருக்கும் பள்ளிகள் பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிகளே. டி.டி.எட். என்ற ஆசிரியர் பட்டயப் படிப்பு படிக்கும்போது கற்பித்தல் பயிற்சிக்குப் போன இடத்தில், பின் வரிசையில் வகுப்பாசிரியர் உட்கார்ந்திருப்பார். தடுமாறினால் எழுந்து வருவார். இங்கே அப்படி யாரும் இல்லை. கதவைத் திறந்தால் மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அப்படி நிற்கப் போகிற ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: காகித வேலையை முதல் நாளே முடியுங்கள்

நியமன ஆணை, கல்விச் சான்றுகள், சாதிச் சான்று, உடற்தகுதிச் சான்று எல்லாவற்றிலும் ஐந்தாறு நகல் கையில் இருக்கட்டும். பணியேற்பு அறிக்கையில் முற்பகலா பிற்பகலா என்று குறிக்க வேண்டும். பஸ் கிடைக்காமல் மதியம் போய்ச் சேர்ந்தால் சம்பளக் கணக்கு மறுநாளிலிருந்துதான் தொடங்கும். முந்தின நாளே ஒன்றியத் தலைமையிடத்துக்குப் போய்த் தங்கிவிடுங்கள்.

பணிப் பதிவேடு தொடங்கும்போது பக்கத்திலேயே இருந்து பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். இருபது வருடம் கழித்து ஒரு எழுத்துப் பிழைக்காக அலுவலகப் படியேறியவர்களைப் பார்த்திருக்கிறேன். சான்றுகளின் உண்மைத்தன்மை, ஊழியர் எண், ஓய்வூதியக் கணக்கு என்று வரிசையாக வேலை இருப்பதால் முதல் சம்பளம் வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். வீட்டு அட்வான்ஸ் போக மூன்று மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். ஈராசிரியர் பள்ளியில் நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் இன்னொருவர் ஐந்து வகுப்பையும் தனியாகத் தாங்க வேண்டும். காலை எட்டரைக்குப் போன் பண்ணி லீவு சொல்லும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

படி 2: முதல் இரண்டு வாரம், ஒரு நோட்டு

எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம். இது எந்த அதிகாரிக்கும் காட்ட வேண்டியதில்லை, உங்களுக்கானது. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், யாரோடு நடந்து வருகிறான், காலையில் என்ன சாப்பிட்டான், எந்தக் கையால் எழுதுகிறான், மழை வந்தால் ஏன் வருவதில்லை. கண்ணில் பட்டதை ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். இரண்டாவது வாரத்தில் என் நோட்டில் ஒரு பையன் பக்கத்தில் ‘எப்போதும் பக்கத்துப் பையன் சிலேட்டைப் பார்த்தே எழுதுகிறான்’ என்றும், நாலு நாள் கழித்து ‘பக்கத்துப் பையன் வராத அன்று எதுவும் எழுதவில்லை’ என்றும் இருந்தது. முன் வரிசையில் உட்கார வைத்த அன்றே எழுத ஆரம்பித்துவிட்டான். அவனுக்குப் படிப்பு வராமல் இல்லை, கரும்பலகைதான் தெரியவில்லை. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவிடம் காட்டினோம், பிறகு கண்ணாடி வந்தது.

இதையெல்லாம் பார்க்க நல்ல நேரம் சாப்பாட்டு நேரம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் வந்துவிட்டதால், இப்போது பிள்ளைகள் மணி அடிப்பதற்கு வெகு முன்பே பள்ளியில் இருக்கிறார்கள். நீங்களும் போய் அவர்களோடு தரையில் உட்காருங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை தட்டு முன்னால் கதை கதையாகச் சொல்லும்.

படி 3: யாருக்கு எதுவரை தெரியும் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்

எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் 2022-இல் வந்த பிறகு 1 முதல் 3-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறோம். நான் சேர்ந்தபோது இருந்தது செயல்வழிக் கற்றல்: பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல ஒவ்வொன்றாக ஏறும் முறை. பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிள்ளை இப்போது எந்தப் படியில் நிற்கிறது? பதிவேட்டில் இருக்கும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாடத்தைக் கணீரென்று வாசித்தான். எனக்கு ஒரே சந்தோஷம். தற்செயலாக அவன் விரலைப் பார்த்தேன். வாய் மூன்றாவது வரியில் இருந்தது. விரல் இன்னும் முதல் வரியில் நின்றிருந்தது. அண்ணன் படித்ததைக் கேட்டுக் கேட்டு முழுப் பாடமும் மனப்பாடம். எழுத்து ஐந்தாறுக்கு மேல் தெரியாது.

அன்றிலிருந்து நான் பார்க்கும் முறை இது. முதலில் படத்தைக் கையால் மூடிவிட்டு வாசிக்கச் சொல்வேன். அப்புறம் வரியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி. பிறகு புத்தகத்தில் இல்லாத சொல்: தீப்பெட்டி அட்டை, உப்புப் பாக்கெட், அவனுடைய அப்பா பெயர். கடைசியில், நான் சொல்ல அவன் எழுத வேண்டும்.

தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்றே. கொம்பு முதலாவது. ‘கெ’ என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது ‘க்’. ‘கொ’ என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி நிற்கிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் நடுவில் பல பிள்ளைகள் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். துணைக்காலும் ‘ர’வும் பார்க்க ஒன்று போல இருப்பது இன்னொரு தொல்லை. இவை கண் சம்பந்தப்பட்டவை. மணலில் எழுதுவது, எழுத்தட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று போனால் சரியாகும். ல, ள, ழ குழப்பம் வேறு வகை. அது காதிலும் நாக்கிலும் இருக்கிறது, நூறு தடவை எழுத வைத்தாலும் போகாது. எது கண்ணின் பிழை, எது காதின் பிழை என்று நோட்டில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கிலும் அப்படித்தான். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. ‘பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணை எடு’ என்று நீங்கள் சொன்னதை ஒன்றாம் இடத்திலும் அப்படியே கடைப்பிடித்து, 7-இலிருந்து 2-ஐ எடுத்திருக்கிறது. துடைப்பக் குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கையில் கொடுங்கள். ஏழு குச்சி எடுக்கப் போகும்போது கட்டைப் பிரிக்க வேண்டும் என்று கையே சொல்லிவிடும். கடன் வாங்குவதை நாலு நாள் கரும்பலகையில் விளக்கியும் புரியாதவர்களுக்குக் குச்சிக் கட்டில் ஒரே காலையில் புரிந்தது.

ஒரு பிள்ளையின் நிலையை மற்ற பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். ‘மூணாங்கிளாஸ் வந்தும் அனா ஆவன்னா தெரியல’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தப்பாக வாசிக்கும் தைரியத்தை இழந்துவிடும். தப்பாக வாசித்துக் காட்டினால்தானே உங்களால் திருத்த முடியும்?

படி 4: ஒரே அறை, மூன்று வகுப்பு

புதியவர்கள் செய்யும் தவறு, ஒன்றாம் வகுப்புக்கு நடத்திவிட்டு இரண்டுக்கு, இரண்டுக்கு நடத்திவிட்டு மூன்றுக்கு என்று ஓடுவது. பத்து நாளில் தொண்டை போய்விடும். மற்ற இரண்டு வகுப்பும் அந்த நேரத்தில் சும்மா இருக்கும், சும்மா இருக்கும் பிள்ளைதான் சத்தம் போடும்.

எனக்குக் கைகொடுத்த முறை: முதல் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு அல்லது கதை. ஒரே கதையில் சின்னவன் ‘யானை’ என்ற சொல்லைக் கண்டுபிடிப்பான், பெரியவன் அந்த யானை என்ன செய்தது என்று ஒரு வரி எழுதுவான். அப்புறம் ஒரு குழு என் பக்கத்தில் தரையில் வட்டமாக. மற்ற இரண்டு குழுவுக்கும் நான் இல்லாமலே செய்யக்கூடிய வேலை. நான் இல்லாமலே என்பதுதான் இதில் முக்கியம். நேற்றுப் புரிந்ததைத்தான் இன்று தனியாகச் செய்யக் கொடுக்க வேண்டும். புதியதைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் எல்லோரும் உங்களிடம் வந்து நிற்பார்கள். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை குழுவை மாற்றுவேன்.

சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை இருந்தால் அது பெரிய வரம். சாக்பீஸால் கோடு போட்டு ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அறையின் நடுவில் நின்றே தெரிந்துகொள்ளலாம். சிலேட்டைப் பார்க்க ஒவ்வொருவராகக் குனிய வேண்டியதில்லை.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தரட்டும், இருவருக்கும் நல்லது. ஆனால் நன்றாகப் படிக்கிற ஒரே பிள்ளையை நாள் முழுவதும் உதவி ஆசிரியராக ஓட விடாதீர்கள். அவளும் ஏதாவது புதிதாகக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறாள்.

பாடக்குறிப்பை முறைப்படி எழுதுங்கள். அதோடு தனியாக ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி: இன்று என் பக்கத்தில் யார் யார் உட்கார வேண்டும், மற்றவர்களுக்கு என்ன வேலை, அதற்கு என்ன பொருள் வேண்டும். எனக்கு வகுப்பை நடத்தித் தந்தது அந்தத் துண்டுத் தாள்தான்.

படி 5: குச்சியை எடுக்காமல் இருப்பது

2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் பெற்றோரே வந்து, “கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க டீச்சர்” என்பார்கள். அதை நம்பிக்கையோடு சொல்கிறார்கள். “அடிக்காமலே படிப்பான், ஒரு மாசம் பாருங்க” என்று நான் பதில் சொல்வேன்.

இப்போது சொல்கிறேன். முதல் ஆண்டு நான் சொல்லவில்லை. பிப்ரவரியில், தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போன ஒரு நாள், ஐந்து வகுப்பும் என்னிடம் இருந்தபோது, தண்ணீரைத் தட்டிவிட்ட ஒரு பையனின் உள்ளங்கையில் அடிஸ்கேலால் அடித்தேன். அவன் அழவில்லை. மறுநாள் வரவில்லை. மூன்றாவது நாள் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்து, பையன் செய்த தப்புக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த வாசலில் நின்றது எனக்கு மறக்காது. ஸ்கேலைக் கோடு போட மட்டும் வைத்துக்கொண்டேன்.

சத்தத்தை அடக்கக் கத்த வேண்டாம். பேச்சை நிறுத்தி அசையாமல் நில்லுங்கள். ஒரு தாளத்தில் கைதட்டினால் அதே தாளத்தில் திருப்பித் தட்டப் பழக்குங்கள். முக்கியமானதைக் குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். இந்த மூன்றும் ஒரு மாதம் விடாமல் செய்தால் பழகிவிடும். சண்டை பாதிக்கு மேல் பென்சிலுக்கும் ரப்பருக்கும்தான். மேசையில் ஒரு டப்பாவில் பத்துப் பென்சில் எப்போதும் இருக்கட்டும்.

ஒரு பிள்ளை தனக்கு யாராவது தவறு செய்ததாகச் சொன்னால், துருவிக் கேட்காமல், முகம் மாறாமல் கேட்டுக்கொள்ளுங்கள். போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது உங்கள் கடமை. தலைமை ஆசிரியரிடம் உடனே சொல்லுங்கள்; 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணையும் சுவரில் பிள்ளைகளுக்குத் தெரிகிற மாதிரி எழுதி வையுங்கள்.

படி 6: பிள்ளையின் வீட்டு மொழி

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் பல வீடுகளில் பேச்சு மொழி தெலுங்கு அல்லது கன்னடம். இது எனக்கு அங்கே போகும்வரை தெரியாது. ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘மெதுவாகக் கற்பவள்’ என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒரு மதியம் என் சேலையை இழுத்து “நீள்ளு” என்றாள். எனக்குப் புரியவில்லை. சமையல் செய்யும் அக்காதான் எட்டிப் பார்த்து, “தண்ணி கேக்குது டீச்சர்” என்றார்.

அந்த அக்காவிடம் அன்று மாலையே முப்பது சொற்கள் எழுதி வாங்கினேன். மறுநாள் கரும்பலகையில் ‘தண்ணீர்’ என்று எழுதி, பக்கத்தில் ‘நீள்ளு’ என்றும் தமிழ் எழுத்திலேயே எழுதினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பூனையைக் காட்டி “பில்லி” என்றாள், பாலைக் காட்டி “பாலு” என்றாள். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

மலையூரோ கடலோரமோ, உங்கள் ஊர்ப் பேச்சும் அந்த ஊர்ப் பேச்சும் ஒன்றாக இருக்காது. முதல் மாதத்திலேயே ஊர்ச் சொற்களைச் சேர்க்க ஆரம்பியுங்கள். ஊர்க்காரர்களே ஆசையாகச் சொல்லித் தருவார்கள்.

படி 7: ஊரும் பெற்றோரும்

சத்துணவு அமைப்பாளர், சமையலர், தூய்மைப் பணியாளர் ஆகியோருக்கு ஒவ்வொரு பிள்ளையின் குடும்பமும் தெரியும். அவர்களை அக்கா, அண்ணா என்று கூப்பிட்டுப் பேசுங்கள், ஆறு மாதத்தில் தெரிய வேண்டியது ஆறு நாளில் தெரியும்.

பெற்றோரைக் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் வர மாட்டார்கள். அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள். ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்ட வேலைக்கு விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள், ஒரு நாள் கூலி போனால் அந்த வாரம் இடிக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்கள் வரக்கூடிய நேரம் எது என்று கேட்டு, அதன்படி தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள்.

வருகைப் பதிவேட்டில் ‘வ’ விழாமல் போவதற்கும் காரணம் இருக்கும். கேழ்வரகு அறுவடைக் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வரும். ராத்திரி முழுவதும் வயலில் காவல். “யானை வந்துருச்சு டீச்சர்” என்று ஒரு பையன் சொன்னபோது சாக்கு என்று நினைத்தேன். மறுநாள் அவர்கள் வயலைப் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் மிதிபட்டுக் கிடந்தது. அந்த வாரம் அவன் தூங்கினால் எழுப்பவில்லை.

படி 8: பதிவேடும் செயலியும்

எமிஸ் என்ற மாணவர் தகவல் தளத்தில் பதிவு, செயலியில் வருகை, அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் விடுப்பு, நலத்திட்டப் பட்டியல்கள். இவை வேண்டாம் என்று யாரும் விட்டுவிட முடியாது. ஆனால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டிருப்பது மனதை அரிக்கும். வருகையை மணி அடித்ததும் முடியுங்கள், மற்றதை நாலு மணிக்கு மேல் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள். சிக்னல் எந்த மரத்தடியில் கிடைக்கும் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

படி 9: தளர்ந்து போகும் மாதங்கள்

சேர்ந்த மூன்றாவது நான்காவது மாதத்தில் ஒரு சோர்வு வரும். கற்றுத் தந்தது எதுவும் நிற்கவில்லை போலத் தோன்றும். வாடகை அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் ராத்திரிகளில் ‘நமக்கு இது வராதோ’ என்று நினைப்பு வரும். எனக்கும் வந்தது. அப்போது நோட்டின் முதல் மாதப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். தினமும் பார்ப்பதால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. ‘தன் பெயர் எழுதத் தெரியாது’ என்று ஜூனில் எழுதியது அக்டோபரில் பொய்யாகியிருக்கும்.

தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஒரு பிளாஸ்கில் இருக்கட்டும். மாதம் ஒரு முறையாவது, அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சந்திக்கும் பக்கத்துப் பள்ளிக்காரர் ஒருவரோடு மனம் விட்டுப் பேசுங்கள். அதே மூன்று வகுப்பும் அதே குழப்பமும் அவரிடமும் இருக்கும், சில சமயம் உங்களுக்கு வேண்டிய வழியும் இருக்கும்.

இந்த வேலையில் கிடைக்கும் சந்தோஷம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. மார்ச்சில் ஒரு சாயங்காலம், ஊர் எல்லையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அந்த ‘நீள்ளு’ பிள்ளை பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் பஸ் வந்தது. போர்டைப் பார்த்து “த… ளி” என்றாள். பாட்டி நம்பாமல் என்னைப் பார்த்தார். பஸ் நின்றதும் கண்டக்டர் “தளி, தளி” என்று கத்தினார். அந்தப் பாட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தெலுங்கில் என்னென்னவோ சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அது போதுமாக இருந்தது.

படி 10: ஏப்ரலில் நோட்டை முடியுங்கள்

ஆண்டு முடியும்போது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த ஆசிரியருக்காக மூன்று வரி எழுதுங்கள். எதுவரை வாசிக்கிறது, எங்கே தடுக்குகிறது, எதைச் செய்தால் முகம் மலர்கிறது. மாறுதல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கே அடுத்த ஜூனில் அதே பிள்ளைகள் கிடைத்தாலும், கோடை விடுமுறை தாண்டி எல்லாம் ஞாபகம் இருக்காது.

குடும்பச் சண்டை, கடன், நோய் போன்று உங்களை நம்பிச் சொன்னவற்றை மட்டும் தனியே கிழித்து எடுத்துவிடுங்கள். மீதியைத் தலைமை ஆசிரியர் அறை பீரோவில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். கடையில் புதிதாக ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கி, ஒன்றாம் வகுப்பில் சேரப் போகும் பிள்ளைகளின் பெயர்களை அங்கன்வாடியில் கேட்டு எழுத ஆரம்பியுங்கள்.